சம்மனசு மீன்களின் காவல்

நாக்கைப் போல் தட்டையாக இருப்பதால் நாக்கு மீன்; வவ்வாலைப் போல் அகன்றிருப்பதால் வவ்வால் மீன். காசிமேட்டுக் கூடைகளில் அன்றாடம் நாம் காணும் மீன்களுக்கு முன்னோர் பெயர் சூட்டிய முறை இதுதான். கண் கண்டதை வாய் சொல்லிற்று. கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஏஞ்சல் மீனுக்கும் பெயர் அவ்வாறே அமைந்தது. மேலும் கீழும் இறக்கையென விரிந்த துடுப்புகளோடு, அவசரம் என்பதையே அறியாததுபோல் அது நீந்தி வரும் அழகைக் கண்டவர்கள் வானவரை நினைத்து அப்பெயரை இட்டார்கள். செருமானியரோ அதனைப் 'பாய்த்துடுப்பன்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். படகோட்டிகள் 1829இல் எழுப்பிய இராயப்பர் ஆலயத்தின் நிழலில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயரும் பிடித்திருக்கிறது. ஆயினும் எங்கள் வீட்டில் அதற்கு வழங்கும் பெயர் 'சம்மனசு மீன்' என்பதே. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் நாம் 'வானதூதர்' என்று வாசிக்கிறோம். என் தாயார் தலைமுறையினர் நாவில் சம்மனசு என்ற சொல்லே நிலைத்திருந்தது. பெயர் அவர்கள் கொடுத்த சொத்து. மீன் பிறகு வந்தது.

துறைமுகத்தில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பின்னர், திருவொற்றியூரில் தேரடிக்கு அப்பாலுள்ள எட்டுக் குடித்தன வீடொன்றின் மாடியில் வசிக்கிறோம். கூடத்தில் நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஒன்று உண்டு. ஏறத்தாழ 250 லிட்டர் நீர் கொள்ளும். வட்டாரத்தில் மீன் வளர்ப்போர் அனைவரையும் போல நானும் கொளத்தூருக்குச் சென்றே மீன் வாங்கினேன். சென்னையின் வண்ண மீன் வணிகத்திற்கு அவ்வூரே தலைநகர். இளமையில் மூர் மார்க்கெட்டில் கண்ணாடிக் குடுவைகளை வேடிக்கை பார்த்து நின்ற நினைவு உண்டு; அந்தக் கட்டடம் 1985இல் தீக்கிரையாயிற்று. அன்று வேடிக்கையாய் இருந்தது, அறுபது வயதில் அன்றாட வேலையாயிற்று.

தொட்டியில் முதலில் குடியேறியவை கார்டினல் டெட்ரா என்னும் சிறு மீன்கள், இருபது. கர்தினால்மார் அணியும் செவ்வங்கியின் நிறம் அவற்றின் உடலில் ஓடுவதால் அப்பெயர் வந்தது. அதன்பின் நாணய அளவிலிருந்த ஆறு ஏஞ்சல் குஞ்சுகளை விட்டேன். "சம்மனசும் கர்தினாலும் ஒரே வீட்டில் இருந்தால் சண்டை எங்கிருந்து வரும்?" என்று என் துணைவியார் சிரித்தார்.

சண்டை வரும் என்பதே மீன் வளர்த்தோர் அனுபவம். ஏஞ்சல் மீன் சாது என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. அமேசான் ஆற்றுப் படுகையில், நீர் மெல்ல ஓடும் இடங்களில், மூழ்கிய வேர்களுக்கும் நெட்டையான செடிகளுக்கும் இடையே அது வாழ்கிறது. உடலில் நெடுக்காக இறங்கும் கரும்பட்டைகள் அந்த வேர்களின் நிழலோடு அதனைக் கலக்கச் செய்கின்றன. அந்த மறைவு தன்னைக் காப்பதற்கும் பிறரைப் பிடிப்பதற்கும் ஒருசேரப் பயன்படுவது. வளர்ந்த ஏஞ்சல் தன் வாய்க்குள் அடங்கும் எந்தச் சிறு மீனையும் உணவாகவே கருதும். நியான் டெட்ரா என்னும் நீலச் சிவப்பு மீன்களை வாங்கிவந்து, காலையில் எண்ணிப் பார்த்து, கூட்டல் தவறிவிட்டதோ என்று மயங்கியவர்கள் பலர். கார்டினல் அதனினும் சற்றுப் பெரிது. சிறு மீன்கள் முதலில் குடியேறி, ஏஞ்சல்கள் குஞ்சுப் பருவத்திலேயே அவற்றோடு சேர்ந்து வளர்ந்தால், ஒன்றையொன்று அண்டையாராக ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. மறுபக்கத்தில், டைகர் பார்ப் போன்ற குறும்பு மீன்களைச் சேர்த்தால் அவை ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கந்தலாக்கிவிடும். தின்னப்படாத அளவு பெரியதும், கடிக்காத அளவு அமைதியானதுமான அண்டையாரைத் தேர்ந்தெடுப்பதே சமூகத் தொட்டியின் முதல் விதி.

எட்டு மாதங்கள் எங்கள் தொட்டியில் இந்த விதி செவ்வனே நடந்தது. பிறகு ஆறில் இரண்டு இணை சேர்ந்தன.

ஏஞ்சல் மீன்களில் ஆண், பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. வளர்ப்பவன் இணை சேர்த்துவைக்கவும் இயலாது. பலவற்றை ஒன்றாக வளர்த்தால், அவற்றுள் இரண்டு தாமே ஒன்றையொன்று தேர்ந்துகொள்ளும். அதன்பின் அவ்விரண்டும் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொள்கின்றன. நிமிர்ந்த ஓர் இலையையோ, சாய்த்து வைத்த கற்பலகையையோ, வடிகட்டியின் குழாயையோ தேர்ந்து, வாயால் தேய்த்துத் தேய்த்துத் தூய்மை செய்கின்றன. பெண் மீன் கீழிருந்து மேலாக ஊர்ந்து வரிசையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண் மீன் பின்தொடர்ந்து அவற்றைக் கருவுறச் செய்கிறது. சில நூறு முட்டைகள். அந்த நேரம் முதல் அவற்றுக்கு ஓய்வில்லை. மாறி மாறி மார்புத் துடுப்பால் விசிறி, முட்டைகள்மேல் புதிய நீர் பாயச் செய்கின்றன. பூஞ்சணம் பற்றி வெளுத்த முட்டையை வாயால் எடுத்து அப்புறப்படுத்துகின்றன. இரண்டு மூன்று நாட்களில் முட்டை பொரிந்து, குஞ்சுகள் தலையிலுள்ள ஒட்டுப் பசையால் இலையில் தொங்கி வாலைத் துடித்துக்கொண்டிருக்கும். தவறி விழும் குஞ்சைத் தாயோ தந்தையோ வாயால் கவ்வி எடுத்து, மென்மையாக மீண்டும் இலையில் துப்பிவைக்கும். முட்டையிட்டு ஒரு வாரமளவில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்.

இத்தனையும் செய்யும் அதே வாய்தான், அந்த மூலைக்கு ஓர் அடி தொலைவில் வரும் கார்டினலை இடித்துத் தள்ளுகிறது. செவுள் மூடிகளை விரித்து, துடுப்புகளை நிமிர்த்தி, அம்புபோல் பாய்கிறது. கூடவே வளர்ந்த மற்ற நான்கு ஏஞ்சல்களும் விரட்டப்பட்டு, எதிர்க்கோடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கி நின்றன. நான்கடித் தொட்டியில் மூன்றடி இருவருக்கு. எஞ்சிய ஓரடி மற்றவர் அனைவருக்கும்.

விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "தாத்தா, சம்மனசு அடிக்குமா?"

குழந்தைகளின் கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று. 'குஞ்சுகளைக் காப்பாற்றுவதற்காக அடிக்கிறது' என்றேன். "அந்தச் சின்ன மீன் ஒண்ணும் பண்ணலியே?" என்றாள். உண்மையில், அது முழுவதும் சரியன்று. சின்ன மீன் பகலில் ஒன்றும் செய்வதில்லை. இரவில் வாய்ப்புக் கிடைத்தால் முட்டைகளைத் தின்றுவிடும். பாசி தின்பதற்கென்று நாம் விடும் சக்கர் மீன் இருளில் ஊர்ந்துவந்து ஒரே இரவில் இலையைத் துடைத்துவிடக் கூடும். அதனால்தான் அனுபவசாலிகள், முட்டையிட்ட தொட்டிக்கு அருகில் இரவு முழுதும் சிறு விளக்கொன்றை எரியவிடுகிறார்கள். காவல் இருப்பவர்க்குக் கண் தெரிய வேண்டுமல்லவா? ஆக, தாயின் அச்சம் வீண் அச்சமன்று. சின்ன மீனின் துன்பமும் பொய்த் துன்பமன்று. இரண்டும் மெய்யாக இருப்பதே இதிலுள்ள சிக்கல்.

இந்தக் குணம் ஏஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. நம் ஏரிகளிலும் கால்வாய்களிலும் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1952இல் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட அம்மீனின் தாய், முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். அந்நாட்களில் உணவு கொள்வதையும் பெரும்பாலும் துறந்துவிடும். கேரளத்தார் கரிமீன் என்று போற்றுவதும், பழவேற்காட்டு ஏரியில் கிடைப்பதுமான மீனும் இக்குடும்பமே. அதிலும் பெற்றோர் இருவரும் காவல் நிற்பர். குழம்புச் சட்டியில் நாம் காணும் மீன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படியொரு வாழ்வு உண்டு என்பதை வளர்க்கத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன்.

ஆனால் ஆற்றில் இந்தக் காவல் கொடுமையாவதில்லை. அமேசானில் விரட்டப்படும் மீன் பத்தடி தள்ளிப் போகிறது. அங்கே வேறு வேர் இருக்கிறது, வேறு நிழல் இருக்கிறது. விரட்டியது அத்துடன் மறந்துவிடுகிறது. தொட்டியில் விரட்டப்பட்ட மீனுக்குப் போக்கிடம் இல்லை. கண்ணாடியில் முட்டி நின்று, மீண்டும் கண்ணில் பட்டு, மீண்டும் அடிபடுகிறது. குற்றம் யாருடையது? காப்பதற்கென்று அளிக்கப்பட்ட இயல்பு, இடமின்மையால் கொடுமையாகிவிடுகிறது. அந்தச் சுவரை எழுப்பியவர்கள் மீன்கள் அல்லர்.

இதை எண்ணும்போது எங்கள் குடித்தன வீடு கண்முன் வரும். எட்டுக் குடும்பங்கள், கீழே ஒரு பொதுக் குழாய், மேலே ஒரு பொது மொட்டைமாடி. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கீழ்ப் பகுதியிலிருந்த இளந்தாய் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தை. அதுவரை எல்லோரிடமும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள், அதன்பின் கதவைத் தாழிட்டே வைத்திருந்தாள். குழாயடியில் தன் குடங்களை முதலில் நிறைத்துக்கொள்வாள். யாரேனும் இருமினால் முகம் சுளிப்பாள். பிள்ளைகள் முற்றத்தில் பந்தாடினால் சீறுவாள். 'மாறிவிட்டாள்' என்று பேச்சு எழுந்தது. மூன்றாம் வீட்டு ஆயா மட்டும், "குஞ்சு வெச்சினுகீறவ கொத்தாம என்னா பண்ணுவா? கொஞ்ச நாளு தள்ளி நில்லுங்கடி" என்றார். மீன் வளர்ப்பு நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை ஆயா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

தள்ளி நிற்பதற்கு வழிசெய்வதே தொட்டியிலும் மருந்து. நவம்பர் இறுதியில் இணை மீண்டும் முட்டையிட்டபோது, துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை வைத்துத் தொட்டியை இரண்டாகப் பகுத்தேன். நீர் பொது, இடம் மட்டும் வேறு. சில நாட்களில் சிறு மீன்கள் நிறம் பெற்று மீண்டும் கூட்டமாக நீந்தின. எதிரி கண்ணுக்குத் தெரிந்தும் நெருங்க முடியாதென்று கண்டபின், பெற்றோரின் சீற்றமும் தணிந்தது. முதல் ஈடுகளைத் தாங்களே தின்றுவிடுவது புதிய இணைகளின் வழக்கம். எங்கள் இணையும் மும்முறை அவ்வாறே செய்தது. இம்முறை குஞ்சுகள் பொரிந்தன. டிசம்பர் 2ஆம் நாள், இருநூறுக்குக் குறையாத குஞ்சுகள் புகைப்படலம்போல் பெற்றோரைச் சூழ்ந்து நீந்தத் தொடங்கின.

மறுநாள் மிக்ஜாம் புயலின் மழை பிடித்தது. டிசம்பர் 4 முழுவதும் கொட்டிற்று. வடசென்னை நீரில் மிதந்தது. மின்சாரம் நின்றது. காற்று செலுத்தும் பம்பு நின்றது, வடிகட்டி நின்றது. கீழ்வீடுகளில் முழங்கால் அளவுக்குச் சாக்கடை கலந்த நீர் புகுந்ததால், அங்கிருந்தோர் எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். எங்கள் கூடத்தில் மட்டும் பதினொரு பேர் படுத்தனர். அந்த இளந்தாயும் கைக்குழந்தையோடு எங்கள் கட்டிலில் இருந்தாள்.

மின்சாரமற்ற தொட்டியில் மீன்கள் முதலில் தவிப்பது மூச்சுக்கே. நீர் அசைந்தால்தான் காற்றிலுள்ள உயிர்வளி அதில் கரையும். எனவே செம்பால் நீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு மீனவ இளைஞர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புடிச்சுத்தான் சார் பழக்கம், மீனுக்கு மூச்சு குடுத்துப் பழக்கமில்ல" என்று சொல்லியபடியே செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்றிரவு முறைவைத்து ஊற்றினார்கள்.

மூச்சுக்கு வழி பிறந்தது. நீருக்கு?

மீன் வளர்ப்பவன் வீட்டில் எப்போதும் சேமித்த நீர் இருக்கும். குளோரின் நீங்குவதற்காகக் குழாய் நீரைப் பிடித்துத் திறந்துவைத்து, சில நாட்கள் சென்றபின் பயன்படுத்துவோம். எங்கள் பகுதியில் நிலத்தடி நீரைக் கடல் உவர்ப்பு பல்லாண்டுகளுக்கு முன்பே பற்றிவிட்டது. கிணற்று நீரை நம்ப முடியாது. மீஞ்சூருக்கு அருகில் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. அமேசான் மீனுக்கு வங்கக் கடல் நீரையும் சேர்த்து வடித்துக் கொடுக்கிறோம் என்று வேடிக்கையாகச் சொல்வேன். அவ்வாறு சேமித்த நூறு லிட்டர் பீப்பாய் ஒன்று அடுக்களை ஓரத்தில் மூடியிட்டு இருந்தது. குஞ்சுகள் நிறைந்த தொட்டியில், வடிகட்டி ஓடாதபோது, கழிவிலிருந்து எழும் அம்மோனியா நாளுக்கு நாள் ஏறும். அன்றாடம் ஒரு பங்கு நீரை மாற்றினால் மட்டுமே குஞ்சுகள் பிழைக்கும். அந்தப் பீப்பாயே அவற்றின் உயிர்.

டிசம்பர் 5 காலையில், பதினொரு பேருக்குக் குடிக்க நீர் இல்லை. தண்ணீர் லாரி வரும் வழியெல்லாம் வெள்ளம். குழாயடி சாக்கடையில் மூழ்கிக் கிடந்தது. ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பீப்பாய் எதற்கென்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். என் துணைவியார் அதன் மூடியைத் திறந்தார். "என்னங்க, இதக் காய்ச்சிடறேன்" என்றார். அது கேள்வியன்று, அறிவிப்பு. முதல் சொம்பு குழந்தைக்கு, அடுத்தது ஆயாவுக்கு. நான் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெற்றோர் இருவரும் குஞ்சுகளைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டிருந்தனர். மனம் கனத்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அந்த நொடியில் ஒன்று விளங்கிற்று. தன் குஞ்சைக் காப்பது மீனுக்கும் அளிக்கப்பட்டிருக்கிறது. காக்கும் வட்டத்தை அகலமாக்கிக்கொள்வது மனிதருக்கு மட்டுமே முடிகிறது. அதற்கு விலையும் உண்டு.

விலை மூன்று நாட்களில் தெரிந்தது. குஞ்சுகளுக்கு முதல் உணவு ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால். அதன் முட்டையை உப்புநீரிலிட்டு ஒரு நாளுக்கு மேல் காற்றுச் செலுத்தினால்தான் பொரியும். காற்றுமில்லை, இறாலுமில்லை. அவித்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து துளித்துளியாகக் கொடுத்தேன். அது நீரை மேலும் கெடுத்தது. மாற்றுவதற்கு நீர் இல்லை. கார்டினல்களில் ஆறு மடிந்தன. குஞ்சுகள் ஒவ்வொரு காலையும் குறைந்துகொண்டே வந்தன. மின்சாரம் திரும்பி, நீரும் வந்து, ஓய்ந்து எண்ணியபோது எஞ்சியவை பதினொன்று. ஏஞ்சல்கள் ஆறும் பிழைத்தன.

அதே வாரத்தில், மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியே கலந்துவந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. மடவையும் இறாலும் செத்து மிதந்தன. கூழைக்கடாக்கள் எண்ணெய் பூசிய சிறகோடு நின்றன. மீனவர்கள் வாளியாலும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளிக் கொட்டியதை நாடே செய்தித்தாள்களில் பார்த்தது. எங்கள் தொட்டிக்கு நீர் மொண்டு ஊற்றிய அந்த இளைஞரின் உறவினர் பலரும் அங்கே இருந்தனர். பல வாரங்கள் வலை இறங்கவில்லை. என் இழப்பை அவர்கள் இழப்போடு ஒப்பிடுவது தகாது. ஆனால் கண்ணாடிச் சுவருக்குள் நடந்ததும் கழிமுகத்தில் நடந்ததும் ஒரே பாடம் என்று எண்ணுகிறேன். கழிமுகமும் ஒரு தொட்டியே. அங்கிருக்கும் மீனுக்கும் அதை நம்பி வாழும் மக்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் மூன்றடி கொடுத்து, எஞ்சிய ஓரடியில் மற்ற அனைவரும் வாழ்ந்துகொள்ளட்டும் என்று நெடுங்காலமாக விட்டிருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் சிறிய ஏற்பாடு ஒன்று உண்டு. இணை மீன்கள் கற்பலகையைத் துடைக்கத் தொடங்கியதும், அவற்றைப் பலகையோடு பக்கத்திலுள்ள இரண்டடித் தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். அங்கே அவை விருப்பம்போல் காவல் காக்கலாம். விரட்டுவதற்கு யாரும் இல்லை. குஞ்சுகள் தனித்து உண்ணும் பருவம் அடைந்ததும் பெற்றோர் பெரிய தொட்டிக்குத் திரும்புகின்றன. ஓரிரு நாள் முறுக்கு இருக்கும். பின்னர், எதுவுமே நடவாததுபோல், கார்டினல்களுக்கு நடுவே துடுப்புகளை விரித்து அமைதியாக உலவுகின்றன.

சமூகத் தொட்டி வைக்க விரும்புவோர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. மூன்று சொல்வேன். இடத்தைக் கூடுதலாகக் கொடுங்கள். ஒளிந்துகொள்ள நெட்டையான செடிகளை அடர்த்தியாக நடுங்கள். குஞ்சு வந்த வீட்டுக்குச் சிறிது காலம் தனியிடம் கொடுங்கள். அதன் சீற்றத்தைக் குணமென்று எழுதிவைத்துவிடாதீர்கள்.

பதினொன்றில் இரண்டை அந்த இளந்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெள்ளம் வடிந்த மறுவாரமே அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. குழந்தை இப்போது நடக்கிறது. மாலையில் மாடியேறி வந்து, தொட்டியைக் கையால் தட்டி, 'சம்மன்' என்கிறது. தட்டினால் மீன்கள் மிரளும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் கற்கவில்லை.